தலைக்கணக்கு சந்தைக்கணக்கு ஆகாது

2025 செப்டம்பரில், வெளிநாட்டு ஊழியர்களுக்கான புதிய எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை வேலையிலிருந்து அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அந்த ஆண்டு நிம்மதி இல்லை. அப்போது தொழில் மாநாட்டு மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓர் ஆறுதல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அமெரிக்கா கதவைச் சாத்தினால் சாத்தட்டும். நம் நாட்டிலேயே 140 கோடிப் பேர் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சந்தை உலகில் எங்கே இருக்கிறது?

இந்த ஆறுதல் தவறு. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்கள் காட்டும் எண்களும் உண்மையானவைதான். 2025 நடுவில் இந்தியாவின் இணைய இணைப்புகள் 100 கோடியைத் தாண்டின. டேட்டா விலை உலகிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். இவ்வளவும் இருக்கும்போது உள்நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சந்தை தானாகவே பல மடங்காகும் என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. தானாக வளரும் பயிருக்கு யாரும் தண்ணீர் கட்ட மாட்டார்கள். கால் நூற்றாண்டாக நாம் தண்ணீர் கட்டாததற்கு இந்த நம்பிக்கையே காரணம்.

நான் 22 ஆண்டுகளாகத் திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்தில் சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதி விற்கிறேன். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வியாபாரிகள் கூட்டத்தைப் பார்த்து மயங்க மாட்டார்கள். வந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காமல், சரக்கு ஓடுகிறதா என்று கேட்பார்கள். கூட்டம் வேறு, ஓட்டம் வேறு. சந்தையில் துணி விற்பவருக்குத் தெரிந்த இந்த வேறுபாடு, நாட்டின் தொழில்நுட்ப வளர்ச்சியைக் கணிப்பவர்களின் கணக்கில் இல்லை.

ஓட்டத்தைப் பார்ப்போம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் கணக்குப்படி 2024-25 நிதியாண்டில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் மொத்த வருவாய், வன்பொருளையும் சேர்த்து, சுமார் 28,300 கோடி டாலர். அதில் ஏற்றுமதி 22,400 கோடி டாலர். உள்நாட்டில் விற்றது 5,800 கோடி டாலரை ஒட்டித்தான். ஐந்து ரூபாய் சம்பாதித்தால் நான்கு ரூபாய் வெளியிலிருந்து வருகிறது. உள்நாட்டுத் தொகையை 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதுவும் பங்கிடுவதால் கிடைக்கும் கற்பனைத் தொகை. உண்மையில் அந்தப் பணத்தின் பெரும்பகுதியைச் செலவிடுபவை வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள், அரசு, பெரிய ஆலைகள். மேடையில் எண்ணிக் காட்டப்படும் தலைகளில் ஆகப் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்குத்தான் விடை தேட வேண்டும். அந்த விடை திருப்பூரில் கிடைக்கும்.

ஒரு நடுத்தர பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி நூல் வாங்குகிறார். அது நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகத் திரும்பி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து, துணி பின்னால் சுருங்காமலிருக்க, காம்பாக்டிங். பிறகு கட்டிங். வெட்டிய பீஸ்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு பவர் டேபிள்காரர்களிடம் போகின்றன. பத்து, பன்னிரண்டு தையல் எந்திரம் போட்டு கூலிக்குத் தைத்துத் தருபவர்கள் அவர்கள். அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டி.சி., அதாவது சரக்கு அனுப்பும் சீட்டு (டெலிவரி சலான்), எழுதப்படுகிறது. இந்த ஊர் ஓடுவதே டி.சி. புத்தகத்தில்தான். சாயத்தில் எத்தனை கிலோ எடை குறைந்தது, கொடுத்த பீஸில் எத்தனை திரும்பவில்லை, எந்தப் பட்டறையில் சரக்கு தங்கிவிட்டது என்பதெல்லாம் அந்தக் கார்பன் தாள்களில் சிதறிக் கிடக்கும். சரக்கு கப்பலேறும் முந்தைய நாள் இரவு 400 பீஸ் குறைகிறது என்று தெரியும்போது, நான்கு பேர் நான்கு பைக்கில் புறப்பட்டு, கொடுத்த இடங்களிலெல்லாம் ஏறி இறங்குவார்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஓர் ஊரின் நிலைமை இது. மென்பொருளுக்கு இதைவிட நல்ல வேலை வேறில்லை. ஆனாலும் இந்த முதலாளிகளில் பலர் வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு முதலாளியின் கையில் கைபேசி இருக்கிறது, டேட்டா இருக்கிறது, அவருடைய பவர் டேபிள்காரரிடமும் இருக்கிறது. தலைக்கணக்கின்படி இருவருமே ‘பயனர்கள்’.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம், கம்பெனியாகப் பதிவாகாத, விவசாயம் சாராத தொழில்களை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2023-24 கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட தொழில்கள் 7.34 கோடி. வேலை செய்பவர்கள் சுமார் 12 கோடி. அதாவது ஒரு தொழிலுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இவற்றில் தொழிலுக்காக இணையத்தைப் பயன்படுத்துபவை 26.7 சதவீதம். முந்தைய ஆண்டு 21.1 ஆக இருந்தது. இந்த ஏற்றத்தைக் காட்டித்தான் கைதட்டல் வாங்குகிறார்கள். அதே கணக்கெடுப்பில் அதிகம் பேசப்படாத இன்னோர் எண் இருக்கிறது. ஒரு தொழிலாளி ஓர் ஆண்டில் கூட்டும் மதிப்பு 1,49,742 ரூபாய்.

அந்த எண்ணை உடைத்துப் பாருங்கள். மாதத்துக்குச் சுமார் 12,500. ஒரு வேலை நாளுக்கு 480. எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு மணிக்கு 60 ரூபாய். மென்பொருள் விற்பது என்பது நேரத்தை மிச்சப்படுத்தித் தந்து, அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்பது. மாதத்துக்குப் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல மென்பொருளைத் தந்தாலும், அங்கே மிச்சமாவது 600 ரூபாய். அதில் பாதியைக் கடைக்காரர் கொடுத்தால் எனக்கு 300. அவருடைய கடைக்கு ஒருமுறை ஆள் அனுப்பிக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவதற்கே அதைவிட அதிகம் ஆகும். அமெரிக்காவில் கணக்கெழுதும் ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு 20 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். அங்கே மாதம் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் போதும், 30 டாலர் சந்தா கொடுத்து வாங்கிவிடுவார்கள். 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான மென்பொருள் நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் தன் வருவாயில் பெரும்பங்கை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஈட்டுவது ஏன் என்று சிலர் வருத்தத்தோடு கேட்கிறார்கள். காரணம் இந்த மணிக்கூலிக் கணக்குதான். இதில் நாட்டுப்பற்றுக் குறைவு எதுவும் இல்லை.

ஆக, உள்நாட்டுச் சந்தையின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு. இங்கே ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? தொழில்களில் எத்தனை, இரண்டு ஆளிலிருந்து இருபது ஆளுக்கு வளர்கின்றன? இரண்டு பேர் இருக்கும் பட்டறையில் சரக்கு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாலே தெரியும். இருபது பேராகி, மூன்று இடங்களுக்கு வேலை போய் வரும்போதுதான் நினைவாற்றல் போதாமல் போகிறது. அப்போதுதான் மென்பொருளின் தேவை பிறக்கிறது. நம் சிறு தொழில்கள் ஏன் சிறியவையாகவே நின்றுவிடுகின்றன என்ற கேள்வியைத் தொடாமல் தகவல் தொழில்நுட்பச் சந்தையின் வளர்ச்சியைப் பேசுவது, கிணற்றைப் பார்க்காமல் மோட்டார் வாங்குவது.

இந்த இடத்தில் எதிர்வாதக்காரர்கள் கைபேசிப் பணப்பரிமாற்ற முறையான யு.பி.ஐ.யைக் கொண்டுவருவார்கள். பெட்டிக்கடை வரை போய்விட்டதே, அது சந்தை இல்லையா என்பார்கள். யு.பி.ஐ. எனக்கும் பெருமைதான். 2016-இல் தொடங்கியது, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது.  ஆனால் 2020 ஜனவரியிலிருந்து அதற்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அரசின் விதி. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஒரு டீக்குப் பத்து ரூபாய் வாங்குபவரிடம் கமிஷன் பிடிப்பது அநியாயம். சொல்ல வருவது வேறு. வங்கிகள் சேர்ந்து கட்டி, அரசின் விதியால் இலவசமாகத் திறந்துவிட்ட சாலையில் கூட்டம் போகிறது என்பதற்கு யு.பி.ஐ. சான்று. அந்தக் கூட்டம் மென்பொருளுக்குப் பணம் கொடுக்கும் என்பதற்கு அது சான்றே அல்ல. மேலும் அந்தப் பரிமாற்றங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரண்டே செயலிகள் வழியாக நடக்கின்றன. ஒன்று வால்மார்ட்டுக்குச் சொந்தமான போன்பே, மற்றது கூகுள் பே. சாலை நம்முடையது, ஓடும் பேருந்துகள் பெரும்பாலும் பிறருடையவை.

ஆனால் அதே பெட்டிக்கடையில் யு.பி.ஐ.யை ஒட்டி ஒரு பொருளுக்கு மட்டும் கடைக்காரர் மாதாமாதம் பணம் கொடுக்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஒலிபெருக்கி. ‘ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று தமிழில் சொல்கிறதே, அதுதான். பேடிஎம் 2019 வாக்கில் கொண்டுவந்தது, பிறகு எல்லாரும் செய்தார்கள். வாடகை பெரும்பாலும் மாதம் நூறு ரூபாயை ஒட்டி. பேடிஎம்முக்கு மட்டுமே இப்படிச் சந்தா கட்டும் வணிகர்கள் ஒரு கோடிக்கு மேல். பயன்படுத்த எந்தக் கட்டணமும் இல்லாத ஒரு சேவையைச் சுற்றி, கடைக்காரர் தானே முன்வந்து பணம் கொடுக்கும் ஒரு பொருள் எப்படி முளைத்தது? வடை போடும் கை எண்ணெயாக இருக்கிறது, கைபேசியை எடுத்துப் பார்க்க முடியாது. பணம் வந்ததா என்று தெரியாவிட்டால் ஏமாற்றப்படுவார். அந்தப் பெட்டி அவர் மொழியில் பேசுகிறது. படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. அவருடைய வேலையில் முள்ளாகக் குத்திய ஒன்றை அது எடுத்துவிட்டது. தலைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த எவரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்த யாரோதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

தலைக்கணக்கின் மறுபக்கமாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இந்தியர்கள் மென்பொருளுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள், திருட்டுப் பிரதி கிடைத்தால் போதும் என்பார்கள் என்று. முதல் நம்பிக்கை பொய்த்துப்போனவர்கள் பெரும்பாலும் இரண்டாவதற்கு மாறுகிறார்கள். இதுவும் தவறு. இதற்கு டேலி என்ற கணக்கு மென்பொருளே பதில். பெங்களூரில் 1986-இல், ஆலைகளுக்கு மூலப்பொருளும் எந்திர உதிரிபாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவிடம் எழுதித் தரச் சொன்னார். அங்கிருந்து அது நாட்டின் கணக்குப்பிள்ளையாகவே ஆகிவிட்டது. திருட்டுப் பிரதிகள் ஏராளமாக உலவின என்பது உண்மை. உரிமம் வாங்கியவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

டேலி எப்படிப் பரவியது என்பதை நான் நேரில் பார்த்தேன். அவிநாசி, கோபி, தாராபுரம் போன்ற ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்கள் நசிந்துகொண்டிருந்த காலம். ரெமிங்டன் எந்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, நான்கு கணினி போட்டு, ‘டேலி கற்றுத்தரப்படும்’ என்று போர்டு மாட்டினார்கள். பி.காம். படித்த பெண்கள் மாலையில் வந்து இரண்டு மாதம் கற்றுக்கொண்டு போனார்கள். அப்படிக் கற்ற ஒருவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், அந்தக் கம்பெனிக்கு டேலி தேவையாகிவிடும். பெரிய விளம்பரம் செய்திருந்தாலும் இவ்வளவு நடந்திருக்காது. மென்பொருளை இயக்கத் தெரிந்த ஆள்தான் அந்த மென்பொருளின் சந்தை. ஊருக்கு ஊர் அந்த ஆளை உருவாக்கிய தட்டச்சுப் பயிலக உரிமையாளர்களை இந்தியத் தகவல் தொழில்நுட்ப வரலாற்றில் யாரும் எழுதவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அடுத்தடுத்து ஈ-வே பில், மின்விலைப்பட்டியல் என்று கட்டாயங்கள் வந்தன. மின்விலைப்பட்டியல் 2020-இல் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி உள்ளவர்கள் வரை இறங்கியது. அந்த ஆறு ஆண்டுகளில் எங்களைப் போன்றவர்களுக்கு விற்பனை கூடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சட்டத்துக்குப் பயந்து வாங்கிய மென்பொருள். ஆடிட்டர் கேட்பதைத் தரும், வரி அலுவலகம் கேட்பதைத் தரும். முதலாளி கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. 400 பீஸ் எங்கே என்று அதைக் கேட்க முடியாது. சட்டம் புதிதாக எதையும் கேட்காத ஆண்டில் அந்த விற்பனையும் நின்றுவிடுகிறது. இதைச் சந்தை வளர்ச்சி என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுபவர்கள், அடுத்த பத்தாண்டுக்கு அதே சாய்வில் கோட்டை நீட்டிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் கணினி உண்மையிலேயே மக்களைத் தொட்ட இடங்கள் உண்டு. 1986-இல் தில்லியில் ரயில் முன்பதிவு கணினிக்கு மாறியது. அப்போது பொதுத்துறை நிறுவனமாக இருந்த சி.எம்.சி. செய்து கொடுத்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பேரேடு, ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் விடியற்காலையிலிருந்து வரிசை. அந்த வரிசையில் அப்பாவோடு நின்ற நினைவு என் தலைமுறைக்கு உண்டு. எந்த ஜன்னலில் வேண்டுமானாலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்று ஆன அன்று, கணினி என்றால் வேலையைப் பறிப்பது என்ற பயம் பாதி கரைந்தது. அப்போது இந்தியாவில் இணைய இணைப்புகள் இல்லை, கைபேசி இல்லை. எண்ணிக் காட்டத் தலைகள் எதுவும் இல்லாத நேரத்தில், தீர்க்க வேண்டிய ஒரு வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டதால் மட்டுமே அது நடந்தது.

கைபேசியே போதும், கணினி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். கைபேசியில் படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம், தகவல் தேடலாம். விலைப்பட்டியல் தயாரிக்க, கணக்கு சரிபார்க்க, வடிவம் வரைய, நிரல் எழுத விசைப்பலகையும் அகலமான திரையும் வேண்டும். 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் கணினி இருந்த குடும்பங்கள் 10.7 சதவீதம்தான்; கிராமங்களில் 4.4. அதற்குப் பிறகு கொஞ்சம் கூடியிருக்கலாம், ஆனால் கைபேசி பரவிய வேகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மடிக்கணினிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டுவிட்டு, மின்னணு இந்தியா என்று பேசுகிறோம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பெற்றார்கள். அது வாக்குக்கான இலவசம் என்று எழுதப்பட்டதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. என் அலுவலகத்தில் இன்று வேலை செய்யும் ஆறு பேரில் நான்கு பேர் முதன்முதலில் தொட்ட கணினி அந்த மடிக்கணினி. இடையில் பல ஆண்டுகள் அந்தத் திட்டம் நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மீண்டும் அறிவித்தார்கள். நின்ற ஆண்டுகளில் பள்ளி முடித்த பிள்ளைகளின் இழப்பை ஈடுகட்ட வழியில்லை.

அரசு தானே மிகப் பெரிய வாங்குபவர். சந்தையை வளர்க்க அதைவிட வலுவான கை இல்லை. அந்தக் கை எப்படி வாங்குகிறது? டெண்டரில் ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாலே என் போன்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவோம். அதைத் தாண்டினால் முன்வைப்புத் தொகை (ஈ.எம்.டி.) கேட்கும் டெண்டர்களும் உண்டு. அதையும் தாண்டினால் பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் வேலை. எங்களுக்கு ஒருமுறை ஒரு சிறிய வேலை கிடைத்தது. முடித்துக் கொடுத்து பில் போட்டு, பணம் கைக்கு வர 14 மாதங்கள் ஆயின. அந்த 14 மாதச் சம்பளத்தை என் மனைவியின் நகைக்கடனில் கொடுத்தேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தராதவர்கள் அந்தத் தொகையைக் கொடுக்கும் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் பிரிவு வந்தது. தனியார் கொஞ்சம் பயந்தார்கள். வருமான வரியே கட்டாத அரசு அலுவலகத்தை அந்தப் பிரிவு எப்படி நெருங்கும்?

சீனா மக்கள்தொகையால்தானே வளர்ந்தது என்பார்கள். 1990-இல் இரு நாடுகளுக்கும் தலைவருமானம் ஏறத்தாழ ஒன்றுதான், மக்களுக்கு இரண்டிலுமே பஞ்சமில்லை. இன்று அவர்களுடைய தலைவருமானம் நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. தலைகள் அதே தலைகள்தான். ஆலைகள் பெருகின, ஒரு மணி நேர உழைப்பின் விலை ஏறியது, அப்புறம்தான் அவர்களுடைய உள்நாட்டுச் சந்தை உலகை அசைத்தது.

இப்போது எல்லா வாதங்களும் செயற்கை நுண்ணறிவில் போய் முடிகின்றன. 2025-இல் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. ஜியோ கூகுளின் ஜெமினியைக் கொடுத்தது. சாட்ஜிபிடி கோ சேவையை ஓப்பன்ஏஐ ஓராண்டு இலவசம் என்றது. தலைக்கணக்கு எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பணம் கொடுப்பார்கள் என்று நம்பியிருந்தால் விலை வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நம் பழக்கமும் நம் பேச்சும். நம்முடைய 100 கோடி இணைப்புகள் அவர்களுக்கு மூலப்பொருள். இலவசத்தோடு போட்டி போட வேண்டிய நிலையில் உள்ளூரில் எழுதுபவன் நிற்கிறான்.

ஆனாலும் இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் எந்திரம் பனியன் கம்பெனிக்குள் வந்தால் நிலைமை மாறும். தமிழ்99 விசைப்பலகையை 1999-இல் வகுத்தோம், அது நல்ல அமைப்பு. ஆனால் கட்டிங் மேஜை முன்னால் நிற்கும் சூப்பர்வைசர் தட்டச்சு கற்றுக்கொள்ள மாட்டார், கற்றுக்கொள்ள அவருக்கு நேரமும் இல்லை. ‘கருப்பு மீடியம் நானூறு பீஸ், செல்வண்ணன் டேபிளுக்குப் போச்சு’ என்று அவர் சொன்னதும் டி.சி. தயாராகும் என்றால், ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கிடைத்த வரவேற்பு அதற்கும் கிடைக்கும். மத்திய அரசின் பாஷினி திட்டம் 2022-இலிருந்து இந்திய மொழிகளுக்கான கருவிகளை உருவாக்கிவருவது இந்தத் திசையில் நல்ல தொடக்கம். நான் சொல்வது, இதுவும் தானாக நடக்காது என்பதுதான். கொங்குப் பேச்சு, எந்திரச் சத்தம், அவர்கள் வாயால் சொல்வதற்கும் ஆர்டர் தாளில் எழுதியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு, இவற்றை எல்லாம் யாராவது அங்கே போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். நிரல் எழுதும் செலவு குறைந்துகொண்டே வருகிறது. கடைக்குப் போய் வேலையைப் புரிந்துகொள்ளும் செலவு குறையவில்லை. எந்த வளர்ச்சிக் கணிப்பிலும் அந்தச் செலவுக்கு ஒரு வரி இருந்ததை நான் பார்த்ததில்லை.

முன்னால் சொன்ன 400 பீஸ் குறைவு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனியில் நடந்தது; மறுவாரம் நான் அங்கே போயிருந்தேன். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். நான் மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டி முடிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்டது விலையை அல்ல.

“ஏனுங்க தம்பி, ஞாயித்துக்கெழம ராத்திரி இது நின்னுபோச்சுன்னா யாருங்க வருவாங்க?”

எங்களிடம் ஒரு பெண் இருக்கிறார், அவிநாசியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் டேலி படித்தவர், ஸ்கூட்டி வைத்திருக்கிறார், அவர் வருவார் என்றேன். அப்படியானால் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறேன் என்றார். மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் கொடுக்கிறார். அதில் 1,100 ரூபாய் அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் போகிறது. அவரால் ஒரு நாளைக்கு ஐந்து கம்பெனிக்குத்தான் போய்வர முடியும். இன்னொரு ஆளைச் சேர்க்க வேண்டும். கடந்த நான்கு மாதங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.